பீடி சுற்றும் கைகளும் வீட்டுக்குள் வந்த தூளும்

பீடி குடிப்பவரின் நுரையீரலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதைச் சுற்றுபவரின் நுரையீரலைப் பற்றி?

நெல்லைச் சீமையில் முக்கூடல், மேலப்பாளையம் போன்ற ஊர்களில் பீடி சுற்றுவது பெரும்பாலும் பெண்களின் வீட்டு வேலை. மடியில் சொளகு, அதில் இலையும் புகையிலைத் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் குனிந்த தலை நிமிராது. தூள் மூச்சில் போகிறது. நிகோடின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறுகிறது. இருமல், இளைப்பு, தலைசுற்றல், கழுத்துவலி, முதுகுவலி எல்லாம் பின்னாலேயே வரும்.

இது இன்றைய பிரச்சினை அல்ல. 1931ல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் கமிஷன், ஜன்னல்கூட இல்லாத பீடிப் பட்டறைகளையும், கடனுக்காகப் பிள்ளைகள் வேலைக்கு அடகு வைக்கப்படுவதையும் பதிவு செய்தது. அந்த அடகைத் தடுக்க 1933ல் சட்டம் வந்தது. 1948ல் தொழிற்சாலைச் சட்டம் வந்ததும், முதலாளிகள் பட்டறைகளைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தப்பினார்கள். சென்னை மாநிலம் 1958ல் தனிச்சட்டம் போட்டது. ஆனால் பீடித் தொழிலுக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாமே! கட்டுப்பாடு இல்லாத இடத்துக்கு எளிதாக நகர்ந்துவிடும். எனவே 1966ல் நாடு முழுமைக்குமான சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1974ல் சொன்னது. வீட்டிலிருந்து சுற்றுபவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985ல் தீர்ப்பளித்தது. 1976ல் பீடி மீது வரி விதித்து நல நிதி உருவாக்கப்பட்டது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென மருத்துவமனையும் உண்டு. ஆனால் ஜி.எஸ்.டி. வந்தபோது, 2017ல் அந்த வரி நீக்கப்பட்டது. 1966 சட்டத்தின் இடத்திலும் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது.

இந்த வரலாற்றில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. 1966 சட்டம் காற்றோட்டமும் சுத்தமும் வேண்டும் என்றது பட்டறைக்குத்தான். வேலையோ வீட்டுக்குள் போய்விட்டது. கூலிக்கான உரிமையும் வைப்பு நிதியும் கூடவே வீட்டு வாசலைத் தாண்டின. காற்றோட்ட விதி மட்டும் வெளியே நின்றுவிட்டது. தூள் பறக்கும் அதே அறையில்தான் சமையல். அதே அறையில்தான் பிள்ளை தூங்குகிறது. பட்டறையில் ஒரு தொழிலாளியின் நோயாக இருந்தது, வீட்டில் குடும்பத்தின் நோயாகிறது.

தெருவுக்கு ஒரு காற்றோட்டமான பொதுக்கூடம் கட்டிக் கொடுத்தால்கூட, தூளையாவது தொட்டிலிலிருந்து விலக்கி வைக்கலாம். வேலையை வீட்டுக்கு அனுப்பியவர்கள், அதற்கான பொறுப்பையும் ஏற்க வேண்டாமா?