சாணைக்கல்லும் நம்மூர்க் குருந்தமும்

கத்தி மழுங்கினால் புதுக் கத்தி வாங்கும் காலம் இது. முன்பெல்லாம் "கத்தி, அரிவாள்மனை சாணை பிடிக்கிறதே" என்ற குரல் தெருவில் கேட்டால் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி அவர் பெடலை மிதிப்பார். சக்கரத்தோடு கல்லும் சுழலும், தீப்பொறி பறக்கும், பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இன்று நமது நகரியத்தின் வட்டங்களில் அந்தக் குரல் அபூர்வமாகிவிட்டது. ஆகவே நாமே தீட்டிக்கொள்ளலாம் என்று கல் ஒன்று வாங்கினேன். அதன் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தபோது, கதை நம்மூர்ப் பக்கமே வந்து நின்றது.

சாணைக்காரர் வராத நாளில் நம் வீட்டுப் பெண்கள் அம்மியின் ஓரத்திலோ, கவிழ்த்த பீங்கான் கோப்பையின் அடி வளையத்திலோ கத்தியை நாலு தரம் இழுத்துக்கொள்வார்கள். பனையேறிகள் மரக்கட்டையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, அதில் பாளை சீவும் அரிவாளைத் தீட்டுவார்கள். "கூர் தீட்டின மரத்திலேயே பதம் பார்த்தாற்போல" என்ற பழமொழி இதைப் பார்த்தால்தான் விளங்கும். கூர் கொடுத்த கட்டையையே வெட்டிப் பார்ப்பவன் நன்றி கெட்டவன் அல்லவா?

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். இரும்பைத் தேய்க்க, இரும்பைவிடக் கடினமான பொருள் வேண்டும். பிரெடெரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ஆம் ஆண்டையொட்டிக் கனிமங்களின் கடினத்துக்கு ஒன்று முதல் பத்து வரை வரிசை எண் கொடுத்தார். வைரம் 10, வெள்ளைக்கல்லும் மணலுமாகிய குவார்ட்ஸ் 7. மணல் இரும்பைத் தின்னும் என்பதை நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1957 மே மாதம் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த பிறகு, நிலக்கரிக்கு மேலே கிடந்த கடலூர் மணற்பாறை, ஜெர்மன் இயந்திரங்களின் வாளிப் பற்களைத் தேய்த்துத் தீர்த்தது. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தியும், பற்களுக்குக் கடின உலோகப் பூச்சு கொடுத்தும்தான் வேலை நடந்தது. சுரங்கத்தில் நமக்குத் தொல்லை கொடுத்த அதே குணம்தான் சாணைக்கல்லில் நமக்கு உதவுகிறது.

மோஸ் வரிசையில் வைரத்துக்கு அடுத்து, 9-ஆம் இடத்தில் இருப்பது குருந்தம். அன்றைய சேலம் ஜில்லாவில், இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்தில் இது கிடைக்கும். (சந்திரயான்-2 சோதனைக்காகச் செயற்கை நிலவு மண் செய்யப் பாறை எடுத்ததும் இந்த ஊரில்தான்.) நம்மவர்கள் குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கில் கலந்து, வட்டமாக வார்த்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். ஒருவர் வாரை முன்னும் பின்னும் இழுத்துச் சக்கரத்தைச் சுழற்ற, இன்னொருவர் கத்தியைப் பிடிப்பார். இரத்தினக்கல் பட்டை தீட்டவும் குருந்தப் பொடி பயன்பட்டது.

இந்தக் கல் லண்டனுக்குப் போயிற்று. சார்லஸ் கிரெவில் என்பவர் 1798-இல் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை அளித்தார். பிரெஞ்சுப் புரட்சியில் நாட்டை விட்டு லண்டன் வந்து சேர்ந்திருந்த பூர்னோன் பிரபு 1802-இல் இதை விரிவாக ஆராய்ந்து, மாணிக்கமும் நீலமும்கூட இதே கனிமத்தின் வகைகள்தான் என்று விளக்கினார். ஆங்கிலத்தில் அது 'கொரண்டம்' ஆயிற்று, பிரெஞ்சில் 'கொரேந்தோன்'. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பாடத்தில் அந்தச் சொல் வந்தது. அது நம் நாட்டுக் குருந்தம்தான் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சினார். மின்னும் படிகங்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. எண்ணம் தவறானாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கியது. ஆக, ஹார்டுவேர் கடையில் "கார்போரண்டம் கல் கொடுங்க" என்று கேட்கும்போது, கடல் கடந்து போய்வந்த நம் சொல்லையே கேட்கிறோம். ஜப்பான் கல் என்று விலை கூட்டி விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. அதாவது, உலையில் செய்த குருந்தம்.

இனி, கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு. கல்லின் எண் கூடக்கூட மணி நைசாக இருக்கும். மழுங்கிப்போன கத்திக்கு 400, வழக்கமான கூருக்கு 1000 போதும். கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு, நகராமல் இருக்க ஈரத்துணி மேல் வையுங்கள். இரண்டு அங்குல அகலக் கத்தியானால் அதன் முதுகு கல்லிலிருந்து அரை அங்குலம் உயர்ந்திருக்கட்டும். அது சுமார் 15 பாகைச் சாய்வு. அந்தச் சாய்வு மாறாமல் அடியிலிருந்து நுனிவரை இழுக்கவேண்டும். அழுத்தம் வேண்டாம், நிதானம்தான் வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பும். விரலை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டாமல், முதுகிலிருந்து விளிம்புப் பக்கமாக மெதுவாகத் தடவினால் தெரியும். பிசிறு வந்தால் கத்தியைத் திருப்புங்கள். கடைசியில் இருபுறமும் லேசாக இழுத்துப் பிசிறை எடுத்துவிட்டால் தக்காளித் தோல் தானாக அறுபடும்.

அரிவாள்மனைக்கு மட்டும் முறை வேறு. அதன் வளைவு தட்டைக் கல்லில் படியாது. மனையை அசையாமல் வைத்து, கல்லைக் கையில் எடுத்து அலகின் வளைவோடு ஓட்டவேண்டும்.

மழுங்கின கத்திதான் கையை அதிகம் வெட்டும். அழுத்தி அறுக்க வேண்டியிருப்பதால் வழுக்கும். பிடி தளர்ந்த நம் வயதுக் கைகளுக்கு இது முக்கியம். மாதம் ஒருநாள் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். பேரப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தால், கல்லைக் காட்டி 'குருந்தம்' என்ற சொல்லையும் சொல்லிக்கொடுங்கள்.