மில்லில் இருந்து சாளைக்கு வந்த ரேடியல் டிரில்



நம்ம தோட்டத்துச் சாளையில இப்போ ஒரு பழைய ரேடியல் டிரில்லிங் மெஷின் நிக்குது. எடை ரெண்டரை டன். மூடிப்போன ஒரு நூற்பாலையின் பட்டறையில் இருந்து பழைய இரும்புக் கடைக்கு வந்தது. கிலோ கணக்கில் விலை பேசி வாங்கினேன். ஒரு கறவை மாடு வாங்குற பணத்துக்கும் மேலயே ஆச்சு. "நாலு ஏக்கர் வெச்சிருக்கிறவனுக்கு மில்லு மெஷின் எதுக்குய்யா?"ன்னு ஊருக்குள்ள கேக்காத ஆள் இல்லை. அதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

அந்தக் காலத்துல நம்ம ஆசாரிமார் கையில வில்லும் கயிறும் வெச்ச துரப்பணம் இருந்தது. ஒரு கை மேலே அமுக்கும், இன்னொரு கை வில்லை இழுக்கும். மரத்துக்கு அது போதும். கனமான இரும்புக்கு மெஷின்தான் வேணும். சாதாரண டிரில்லிங் மெஷின்ல பிட்டு ஒரே இடத்துல நிக்கும், பொருளைத்தான் நகர்த்தி நகர்த்தி வெக்கணும். சின்னத் துண்டுன்னா சரி. டிராக்டர் கலப்பையின் சட்டத்தை எத்தனை தடவை தூக்கி வெப்பீங்க? ரேடியல் மெஷின்ல ஒரு பெரிய தூண் இருக்கும். அதைச் சுத்தி வர்ற நீளமான கை ஒண்ணு. அந்தக் கை மேல முன்னும் பின்னும் ஓடுற தலை. பாரம் கிடக்கிற இடத்துலயே கிடக்கும், பிட்டு அதைத் தேடி வரும்.

என் மெஷினின் உடம்பில் வார்ப்பிலேயே ஊர்ப் பேர் இருக்கு: ஹாலிபாக்ஸ், இங்கிலாந்து. அது யார்க்‌ஷயர் பக்கம் கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். 1779-ல துணி விற்கிறதுக்குன்னே முந்நூறுக்கு மேல அறைகள் வெச்சு 'பீஸ் ஹால்'னு ஒரு பெரிய சந்தைக் கட்டடம் திறந்தாங்க. இன்னைக்கும் அது நிக்குது. அதே ஊரில்தான் 1865-ல வில்லியம் ஆஸ்க்வித் கம்பெனி தொடங்குச்சு. ரேடியல் டிரில்லுக்கு உலகம் பூரா பேர் வாங்கின கம்பெனி அது.

துணி ஊருக்கும் ஓட்டை போடுற மெஷினுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. மில்லு ஓடினா பல்சக்கரம் உடையும், தண்டு தேயும். அதைச் சரி பண்ணப் பக்கத்துலயே பட்டறை வேணும். பழுது பாத்துப் பழகின கை, ஒரு நாள் புதுசாவே செய்யத் தொடங்கும். நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்.

நம்ம கோயமுத்தூர்க் கதையும் அதேதானுங்க. 1888-ல ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்க முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1900-களின் தொடக்கத்துல கம்போடியா பருத்தி வந்தது. கிணத்துத் தண்ணியில நல்லா விளைஞ்சது. 1910-ல லட்சுமி மில். 1926-ல பி.எஸ்.ஜி. தொழிற்கூடம். 1932-ல பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்லுகள் வரிசையா முளைச்சுது. பழுது பார்த்த பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் மோட்டார், பம்புன்னு இறங்கின. 1937-ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செஞ்ச மோட்டாரைத்தான் நாட்டிலேயே முதல்னு சொல்லுவாங்க. காளை கட்டிக் கவலை இறைச்ச கிணறுகளில் மோட்டார் ஏறினது இந்தப் பட்டறைகளாலதான். ஆக, விவசாயிக்கும் மில்லு மெஷினுக்கும் சம்பந்தம் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. நம்ம பருத்தி மில்லுக்குப் போச்சு. மில்லுப் பட்டறையில பழகின தொழில், பம்பா நம்ம கிணத்துக்குத் திரும்பி வந்தது.

1953-ல பெங்களூர்ல எச்.எம்.டி. தொடங்கினாங்க. பஞ்சாபில் பட்டாலா ஊரும் மெஷின் வார்ப்புக்குப் பேர் வாங்குச்சு. சீமை மெஷின் வாங்குறது குறைஞ்சுது. அப்புறம் மில்லுகளும் ஒண்ணொண்ணா மூடினாங்க. இப்போ அந்தப் பட்டறை மெஷின்கள் உடைஞ்சு உலைக்குப் போகுது. நான் வாங்கலைன்னா இதுவும் இந்நேரம் உருகி ஏதாவது பம்பு உடம்பா ஆகியிருக்கும். பம்பு வேணும்தான். ஆனா நாலு தலைமுறை வேலை செய்யக்கூடிய ஒண்ணை, எடைக்குப் போட்டு உருக்குறதுக்கு மனசு வரலை.

வாங்க நினைக்கிறவங்களுக்குச் சில விஷயம் சொல்லிடறேன்.

ஸ்பிண்டிலைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருக்கக் கூடாது. கையை மேலயும் கீழயும் முழுசா ஓட்டிப் பாருங்க. அதைத் தூக்குற திருகும் நட்டும் தேஞ்சிருந்தா செலவு அதிகம். தூண்ல துரு ஏறியிருக்கான்னு பாருங்க. ஒவ்வொரு கியராப் போட்டுச் சத்தம் கேளுங்க. ஏத்தும்போது கையைக் கீழே இறக்கி, இறுக்கிக் கட்டிட்டுத்தான் நகர்த்தணும். தலை கனம் அதிகம், சாய்ஞ்சா ஆள் தப்பாது. நாங்க கிரேன் வெச்சு இறக்கி, பைப் உருளை மேல தள்ளிக் கொண்டுபோனோம்.

பழைய சீமை மெஷின்ல மரை எல்லாம் 1841-ல விட்வொர்த் வகுத்த அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாப் பொருந்தாது, தனி செட் வேணும். ஆனா பிட்டு மாட்டுற கூம்புத் துளை, 1860-கள்ல அமெரிக்காவின் மோர்ஸ் கொண்டு வந்த அளவு. இன்னைக்குக் கடையில வாங்குற பிட்டு அப்படியே உக்காருது.

இன்னொண்ணு, விவசாய இலவசக் கரண்ட் பம்பு செட்டுக்கு மட்டும்தான். இதுக்குத் தனி மும்முனை இணைப்பு வாங்கினேன்.

வந்ததுல இருந்து எங்க ஊர் ரொட்டவேட்டர் பிளேஞ்சு, கலப்பைச் சட்டம், டிரெய்லர் கொக்கித் தகடுன்னு வேலை ஓஞ்சபாடில்லை. முன்னெல்லாம் ஒரு ஓட்டைக்காக டவுனுக்கு வண்டி பிடிச்சு, பட்டறைக்காரர் கை ஒழியற வரைக்கும் காத்திருக்கணும். விதைப்பு நேரத்துல அந்த ஒரு நாள் போனா மண்ணோட ஈரம் போயிடும். மெஷின் விலையை நான் அந்த ஈரத்தோட வெச்சுத்தான் கணக்குப் போடறேன்.

உங்க ஊர்ப் பக்கம் மில்லு மெஷின் எடைக்கு வந்தா, சம்மட்டி விழறதுக்கு முன்னால ஒரு தடவை ஸ்பிண்டிலைச் சுத்திப் பாருங்க. சுத்துச்சுன்னா, அதுக்கு இன்னும் வேலை இருக்குங்க.