பொலன்னறுவைக் குரங்குகளும் வெள்ளவத்தை நாமும்



"சேர், டெங்கு நுளம்பால வருது. அப்ப நுளம்புக்கு எங்கிருந்து வந்த?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அதன் பதில்களில் ஒன்று நம் நாட்டிலேயே, பொலன்னறுவையில் இருக்கிறது.

நுளம்பு டெங்குவைத் தானாக உண்டாக்குவதில்லை. வைரஸ் உள்ள இரத்தத்தைப் பெண் நுளம்பு குடிக்கிறது. அது நுளம்பின் குடலில் பெருகி, ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. அதன் பிறகு கடித்தால்தான் நோய் பரவும். காட்டில் அந்த இரத்தத்தைக் கொடுப்பது குரங்கு. இன்று மனிதரிடம் உள்ள நான்கு வகை டெங்குவும் முற்காலத்தில் தனித்தனியாகக் குரங்குகளிடமிருந்து வந்தவை என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

பொலன்னறுவையின் பழைய இடிபாடுகளுக்கு நடுவே வாழும் ரிலவாக் குரங்குகளை வொல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968 முதல் கவனித்து வந்தார். எந்தக் குரங்கு எப்போது பிறந்தது என்பதுகூடப் பதிவில் இருந்தது. பின்னர் அவற்றின் இரத்தத்தைச் சோதித்தபோது, மூத்த குரங்குகளிடம் டெங்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது, பிந்திப் பிறந்தவற்றிடம் இல்லை. அந்தப் பிறந்த திகதிகளே காலத்தைக் காட்டிக் கொடுத்தன. 1986 ஒக்டோபருக்கும் 1987 பெப்ரவரிக்கும் இடையில் குரங்குக் கூட்டத்தில் டெங்கு பரவியிருக்கிறது. அதன்பின் 1995 வரை அங்கே அது தலைகாட்டவில்லை. இந்த ஆய்வு 1999இல் வெளியானது.

அங்கே நின்றது, இங்கே ஏன் நிற்கவில்லை? ஒருமுறை ஒரு வகை டெங்கு வந்த உடலுக்கு அதே வகை மறுபடி வருவது அரிது. சிறிய கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்குத் தொற்றிவிட்டால் வைரஸுக்குப் புதிய உடல் கிடைக்காது. கொழும்பு அப்படியல்ல. நாளும் புதிய பிள்ளைகள் பிறக்கிறார்கள், புதிய ஆட்கள் வந்து குடியேறுகிறார்கள். நான்கு வகைகளும் மாறி மாறி வருகின்றன. 2017இல் மட்டும் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள், 400க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள்.

இதைப் படித்துவிட்டுக் குரங்கின் மேல் பழி போட வேண்டாம். வெள்ளவத்தை மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் டெங்கு பரவக் குரங்கு தேவையில்லை. இங்கே குரங்கின் இடத்தில் இருப்பது நாம்தான்.

நாம் பூச்சாடித் தட்டையும் கூரைப் பீலியையும் துப்பரவு செய்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். காய்ச்சல்காரரிடமிருந்தும் நுளம்பு வைரஸை எடுக்கிறது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. ஆகவே வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், பகலிலும் அவரை நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்காத நுளம்பு, அவரிடமிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நோயைக் கொண்டு போகாது.

அண்டை வீட்டாரின் ஹக்கில் இதுவும் ஒன்றுதான். நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக.