கருவறை முதற் பிரட்டுக்களம் வரை: சப்பிரகமுவத் தோட்டங்களிற் குழந்தை வளர்ச்சியின் வரலாறு

பிள்ளைத்தமிழ் பாடிய நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக நோக்கியவர்கள். ஐந்தாந் திங்களிற் கையூன்றித் தலைநிமிர்த்தும் செங்கீரை. ஒன்பதாந் திங்களிற் கைகொட்டும் சப்பாணி. ஓராண்டு கடந்தபின் தளர்நடையிட்டு வரும் வருகை. அதன்பின் வான்மதியை விளையாட அழைக்கும் அம்புலி. தலை, கை, கால் என மேலிருந்து கீழாகவே உடலுறுப்புகள் மூளையின் ஆட்சிக்குள் வருகின்றன என்று இன்றைய உடலியலார் கூறுவர். அவ்வொழுங்கு இப்பருவ வரிசையிலும் காணப்படுதல் வியப்பன்று. தாயர் கண்டதனையே புலவர் பாடினர். ஆயின், பாட்டுடைத் தலைவராயினோர் தெய்வங்களும் அரசரும் ஆன்றோருமே. இலயக் காம்பராவிற் பிறந்த குழவி எங்ஙனம் வளர்ந்தது என்பதனைச் சட்டங்களிலும் கூலிப் பட்டியல்களிலும் மருத்துவர்தம் ஆய்வுகளிலுமே தேட வேண்டியுளது.

1869ஆம் ஆண்டிற் றோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளிற் றேயிலையும் இறப்பரும் பரவின. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும் அடைந்தது. தமிழகத்திலிருந்து குடும்பங் குடும்பமாக வந்தோர் தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை முதலிய இடங்களிற் குடியேறினர். மலையகம் என்றவுடன் அற்றனையும் நுவரெலியாவையும் மட்டும் நினைப்போர் இம்மாகாணத்தை மறந்துவிடுகின்றனர். சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் இத்தோட்டங்களின் வாழ்க்கை பல வகையிலும் வேறானது.

கருவுற்ற நான்கு கிழமைக்குள் நரம்புக்குழாய் மூடிக்கொள்கின்றது. தாய் தன் நிலையைத் தெளிவாக அறியுமுன்னரே மூளைக்கு அடித்தளம் இடப்பட்டுவிடுகின்றது. பிறக்கும்போது குழந்தையின் மூளை வளர்ந்தோர் மூளையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு நிறையுடையது. இரண்டாம் ஆண்டின் முடிவில் முக்காற் பங்கை எட்டிவிடும். இத்துணை விரைவாக எழும் கட்டடத்திற்கு வேண்டிய பொருள்களுள் அயடீன் ஒன்று. கரு தன் தைரொயிட்டுச் சுரப்பியைத் தானே இயக்கத் தொடங்கும் வரை தாயின் சுரப்பையே நம்பியிருக்கின்றது. தாயிடம் அயடீன் குறைந்தால் குழந்தையின் செவிப்புலனும் பேச்சும் அறிவும் குன்றும். சப்பிரகமுவ அமைந்துள்ள தென்மேல் ஈரவலயமோ கழலை நோய் மிக்க நிலம். பெருமழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிச் செல்வதே அதற்குக் காரணம் என்பது பொதுவான விளக்கம். கழுத்துக் கழலை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது; கருவிலே நேர்ந்த இழப்பு எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. உப்பில் அயடீன் சேர்த்தல் 1995இலேயே நாடெங்கும் சட்டமாயிற்று.

கொழுக்கிப்புழுவும் இத்தகைய மறைபகையே. வெறுங்காலோடு ஈரமண்ணில் நின்று உழைத்தோரின் குருதியை அது உறிஞ்சிற்று. குருதிச்சோகையுற்ற தாயின் குழந்தை நிறை குறைந்து பிறக்கும். 1916இல் உறொக்ஃபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களிற் புழுவொழிப்பைத் தொடங்கினர். பின்னர் 1934-35இல் வந்த மலேரியாக் கொள்ளைநோயோ கேகாலை மாவட்டத்தைத் தன் நடுவிடமாகக் கொண்டது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய்த் தேங்க, அவற்றில் நுளம்பு பெருகிற்று. தீவு முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவருள் குழந்தைகள் மிகப் பலர்.

இனி, பிறந்த குழந்தையின் நிலையை நோக்குவோம். இறப்பர்ப்பால் விடியற்காலையிலே நன்கு சுரக்கும், வெயிலேறக் குறையும். ஆதலாற் பால்வெட்டும் பெண் இருள் பிரியுமுன்னரே குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்ல வேண்டும். அங்கே சேலைத் தொட்டில்களின் வரிசைக்கு ஒரு முதியவளே காவல். தாயைப் பிரிந்த குழந்தையின் உளநலம் கெடும் என்று ஜோன் பௌல்பி என்னும் ஆங்கில உளமருத்துவர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்திற்கு எழுதிய அறிக்கையில் வற்புறுத்தினார். அவர் கருத்தை அப்படியே இங்கே பொருத்துதல் முறையன்று. பாட்டி, அத்தை, அக்காள் எனப் பல கைகளில் வளர்வது தமிழ்க் குழந்தைக்குப் புதிதன்று. மடுவத்தின் பெருங்குறை பேச்சின்மை என்றே யாம் கருதுகின்றோம். ஒருத்தி பல குழந்தைகளைக் காக்குமிடத்துப் பாலும் துயிலும் கிடைக்கலாம். முகம் பார்த்து மொழிவார் கிடைப்பதில்லை. மொழிக்குரிய நரம்பிணைப்புகள் அவ்வுரையாடலாலேயே வலுப்பெறுவன. மடுவத்திற்கு விடாத வீட்டிலோ, தம்பியை இடுப்பிற் சுமந்த அக்காளின் பள்ளிப்படிப்பு அதற்கு விலையாயிற்று.

சட்டம் குழந்தையை எப்போது கண்டது? 1907ஆம் ஆண்டு நாட்டுப்புறப் பாடசாலைச் சட்டம், ஆறு முதற் பத்து வயதுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தலைத் தோட்டத் துரைமாரின் கடமையாக்கியது. அவ்வயதினரைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு விடலாகாது என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பத்து மணிக்குப் பின்? அதற்கு விடையை 1927ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டமே தந்தது: பத்து வயதிற்குட்பட்டோருக்கு வேலை இல்லை. பத்து நிரம்பியோருக்கோ விலை குறிக்கப்பட்டது. 1929இல் நடைமுறைக்கு வந்த கூலி வீதத்தின்படி, தாழ்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40, சிறுவருக்கு 30. தாய்க்குப் பேறுகால உதவி 1939ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பின்னரே வந்தது. கருவினும் தொட்டிலினும் முந்திக் கையே சட்டத்தின் கண்ணிற் பட்டது என்பதனை இவ்வரிசை காட்டுகின்றது.

பத்து வயதென்னும் எல்லை மிகக் கொடியது. கண்முன் இல்லாததனையும் கருதிப் பார்த்து, ‘இவ்வாறாயின் என்னாகும்?’ என வினவும் ஆற்றல் பதினொன்று, பன்னிரண்டு வயதளவில் அரும்புகின்றது என்பார் சுவிற்சர்லாந்து அறிஞர் பியாசே. அது அரும்பும் வேளையிற்றான் சிறுவன் பள்ளியை விட்டுப் பிரட்டுக்களத்தில் நின்றான். பெயரளவிற் பள்ளி இருந்த தோட்டங்களிலும் ஓராசிரியர் ஐந்து வகுப்புகளை ஒரே கூடத்தில் நடத்தியதற்கு மேல் வழியில்லை.

குமரப்பருவத்து மூளை வளர்ச்சி உடலோடு முடிவதில்லை. முன்மூளை இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே செல்லும். அச்சம் நீடித்தால் அம்முதிர்ச்சி ஊறுபடும். 1977இலும் 1981இலும் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, இலயங்களை விட்டுக் காட்டிலொளித்த குடும்பங்களிலும், பின்னர் வவுனியாவுக்குப் பெயர்ந்த குடும்பங்களிலும் இவ்வயதினர் இருந்தனர். அவர்தம் கல்வி முறிந்தது மட்டுமன்று, உறக்கமும் முறிந்தது.

வேலைக்குரிய குறைந்த வயது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் 14 ஆகவும், 2021இல் 16 ஆகவும் உயர்ந்தது. பிள்ளை மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. எனினும் 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நாடளாவிய குடித்தொகை, சுகாதார அளவையில், ஐந்து வயதிற்குட்பட்டோருள் வயதிற்கேற்ற உயரமில்லாதவர் நாட்டில் நூற்றுக்கு 17.3 ஆகவும், தோட்டங்களில் 31.7 ஆகவும் காணப்பட்டனர். அன்று அளக்கப்பட்ட அக்குழந்தைகளே இன்று குமரப்பருவத்தின் வாயிலில் நிற்கின்றனர்.