சுவர் முழுக்க ஓட்டை: திருவனந்தபுரம் காபி ஹவுஸில் காற்று வருவது எப்படி?

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கினால், பஸ் ஸ்டாண்ட் பக்கம் செங்கல் நிறத்தில் ஒரு சுருள் கட்டடம் கண்ணில் படும். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். வடிவமைத்தவர் லாரி பேக்கர். பர்மிங்காமில் பிறந்து 1989-ல் இந்தியக் குடிமகன் ஆனவர்.

உள்ளே நடுவைச் சுற்றி ஏறும் சரிவுப் பாதைதான் மொத்த ஹோட்டலும். பெஞ்சும் மேசையும் வெளிச்சுவரை ஒட்டியே கட்டப்பட்டவை. தரைதான் சரிவு, மேசை மட்டம். காபி சிந்தாது, பயப்படாதீங்க.

விஷயம் சுவரில்தான் இருக்கு. செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கும் ‘ஜாலி’ முறை அது. கேரளத்தின் பழைய வீடுகளில் மரச்சட்டத் தடுப்புகள் செய்த வேலையை இங்கே செங்கல் செய்கிறது. வெயில் துண்டு துண்டாக உடைந்து வருவதால் கண் கூசாது. காற்று தடையில்லாமல் புகுந்து வெளியேறும். ஈரப்பதம் மிகுந்த ஊரில் வியர்வை காய அந்தக் காற்றோட்டம்தான் வேண்டும், சுவரைத் தடிமனாக்கினால் மட்டும் போதாது. ஜன்னல் சட்டம், கண்ணாடிச் செலவும் மிச்சம்.

கஃபே தொடங்கும் யோசனையில் இருக்கிறீர்களா? ஜாலி வைத்த அறையில் பிறகு ஏசி மாட்டினால், குளிர்ந்த காற்று அந்த ஓட்டைகள் வழியாகவே போய்விடும், கரண்ட் பில் எகிறும். எது வேண்டும் என்பதை பிளான் போடும்போதே முடிவு பண்ணிடுங்க. டெல்லியில் இதை அப்படியே காப்பி அடிக்கவும் முடியாது. மே மாத அனல்காற்றும் ஜனவரிக் குளிரும் அதே ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும்.