அரிக்கமேட்டில் இறங்கிய ஜைத்தூன் எண்ணெய்



திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 35ஆம் வசனத்தை ஓதும்போதெல்லாம் ஜைத்தூன் எண்ணெயால் ஒளிரும் விளக்கு நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. வளைகுடாவிலிருந்து திரும்பும் உறவினரின் பெட்டியில்தான் அந்த எண்ணெய் நம் கரைக்கு முதன்முதலில் வந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது.

நம் மண்டபத்தூர்க் கடற்கரைக்கு வடக்கே, இதே புதுச்சேரி மாநிலத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது ரோமானியர் காலத்து இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பின்னாளில் அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் என்ற அம்மையார், பெரும்பாலானவை திராட்சை மதுவும் சில ஜைத்தூன் எண்ணெயும் சுமந்து வந்தவை என இனங்கண்டார். ஆக, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த எண்ணெய் இக்கரையில் இறங்கியிருக்கிறது!

எண்ணெய் வந்தது, மரம் வரவில்லை. குளிர்காலத்தில் போதிய குளிர் பட்டால்தான் ஜைத்தூன் பூக்கும். 2008இல் அது பெருமளவில் நடப்பட்டது, குளிர்கால இரவுகள் கடுமையான ராஜஸ்தானில்.

நமக்கு எள் இருந்தது. எள்ளின் நெய்யே ‘எண்ணெய்’ என்றானது. அரபியிலும் அப்படித்தான்: எண்ணெயைக் குறிக்கும் ‘ஜைத்’தும் ‘ஜைத்தூ’னும் ஒரே வேரில் பிறந்தவை. இந்த ஒற்றுமை எனக்குப் பெருவியப்பு.

ஆனால் எடுக்கும் முறை வேறு. எள் காய்ந்த விதை. சேமித்து வைத்து, வேண்டும்போது செக்கிலிட்டு, கருப்பட்டி சேர்த்து ஆட்டலாம். ஜைத்தூனோ பழம். பறித்து ஓரிரு நாளில் அரைக்காவிட்டால் புளித்துக் கெடும். முற்காலத்தில் விலங்குகள் சுற்றிய உருளைக்கல்லில் கொட்டையோடு அரைத்து, விழுதை நாரில் பின்னிய வட்டத் தட்டுகளில் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, நீண்ட மரத்தைத் தாழ்த்தி அழுத்தினார்கள். வடிவது வெறும் எண்ணெயன்று. பழத்தின் கருநீரும் கலந்த சாறு. தொட்டியில் அசையாது விட்டால் எண்ணெய் மிதக்கும், அதை அள்ளியெடுப்பார்கள். இன்று இயந்திரம் விரைந்து சுழன்று அதே வேலையைச் செய்கிறது. 27 பாகை வெப்பத்துக்கு மிகாமல் எடுப்பதே ‘குளிர்முறை’ எனப்படுகிறது.

எஞ்சும் சக்கையையும் விடுவதில்லை. இரசாயனக் கரைப்பானால் அதிலுள்ள எண்ணெயைப் பிரித்து, சுத்திகரித்து, ‘பொமேஸ்’ என்ற பெயரில் விற்கிறார்கள். சுன்னத் என்ற ஆர்வத்தில் வாங்கும் தாய்மார்களே, புட்டியிலுள்ள மரத்தின் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், எழுத்தைப் படியுங்கள். ‘எக்ஸ்ட்ரா விர்ஜின்’ என்றிருந்தால் அது பழத்தை அரைத்துப் பிரித்தது. ‘பொமேஸ்’ என்றிருந்தால் சக்கையிலிருந்து எடுத்தது.