பழம் முதலில், பள்ளி அப்புறம்

1999-ஆம் ஆண்டில் தமிழ் எழுத்தைப் பற்றி இரண்டு குழுக்கள் முடிவெடுத்தன. பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு, கணினியில் தமிழை எப்படித் தட்டுவது, எப்படிச் சேமிப்பது என்று விவாதித்து ஒரு விசைப்பலகையையும் இரண்டு குறியீட்டு முறைகளையும் பரிந்துரைத்தது. அதே ஆண்டின் இறுதியில் சி நிரல்மொழியின் புதிய தரமான சி99 வெளிவந்தது. நிரலில் மாறிகளுக்குப் பெயர் சூட்ட எந்தெந்த மொழி எழுத்துகள் செல்லும் என்று அதன் பின்னிணைப்பு ஒன்று பட்டியல் போட்டது. அதில் தமிழும் இருந்தது. அந்தப் பட்டியலில் ‘வ’ வரைக்கும் ஒரு தொடர், ‘ஷ’வில் தொடங்கி அடுத்த தொடர். இடையில் ஒரே ஓர் எண் காலி. ஆறு ஆண்டு கழித்து, 2005-இல், அந்த எண்ணில்தான் ‘ஶ’ என்ற எழுத்து யுனிகோடில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு என்ன இருந்ததோ அதை மட்டும் எண்ணி எழுதிய பட்டியல், நாளை வரப்போவதற்கு இடம் விடவில்லை. 2011-இல் சி குழு அந்த எண்ணும் பட்டியலைக் கைவிட்டு அகலமான எல்லைகளை வகுத்தது. அதற்குப் பின் வந்த சி23 பதிப்பில் யுனிகோடின் வகைப்பாட்டையே பின்பற்றிக்கொள்வதாக மாற்றியது. தரக் குழுவுக்கு எதிர்கால வேலை என்பது எது வரும் என்று ஊகிப்பதில் இல்லை, எது வந்தாலும் உட்கார இடம் விடுவதில் இருக்கிறது என்பதை அந்தக் குழு இப்படித்தான் கற்றுக்கொண்டது. நாமும் கற்றுக்கொண்டோம், நாம் கொடுத்த விலை அதிகம்.

நம் பங்குக் கதை பெரும்பாலும் சென்னையின் தெற்குப் புறத்தில் நடந்தது. தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் வந்தது. அடுத்த நிலையமான குரோம்பேட்டையில், 1949-இல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. இருக்கிறது, எழுத்தாளர் சுஜாதா மின்னணுவியல் படித்த கல்லூரி அது. அந்த வளாகத்திலேயே பிற்பாடு ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் தமிழ்மொழிக் கணிமைக்கு வேலை செய்தது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம். அதன் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன்தான் 1999 மாநாட்டுப் பணிகளை முன்னின்று நடத்தியவர். தரமணியில் 2000-இல் டைடல் பூங்கா. 2001 பிப்ரவரியில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் முதலில் தரமணியில் இயங்கி, பிறகு கோட்டூர்புரம் காந்தி மண்டபம் சாலைக்கு இடம்பெயர்ந்தது. தமிழ்த் தரங்களைப் பேசத் தெரிந்த ஆட்கள் மின்சார ரயிலில் அரை மணி தூரத்துக்குள்ளேயே இருந்தார்கள். ஆள் இல்லாததால் எதுவும் கெடவில்லை. ஆட்களைத் தொடர்ந்து ஒரே மேசையில் உட்கார வைக்கும் ஏற்பாடுதான் இல்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதுதான்.

சிக்கலின் வேர் 1999-க்கு முந்தையது. 1980-களில் மத்திய அரசின் மின்னணுத் துறை, இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக இஸ்கி என்ற குறியீட்டை வகுத்தது. 1991-இல் அது இந்தியத் தரமானது. தேவநாகரி வரிசையை அச்சாக வைத்து, ஒவ்வொரு மொழியின் எழுத்தையும் அதே இடத்தில் பொருத்தினார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரே மின்னட்டையை வைத்து எல்லா மொழிகளையும் காட்டலாம், ஒரு எழுத்திலிருந்து இன்னொரு எழுத்துக்குச் சுலபமாக மாற்றலாம் என்பது நியாயமான நோக்கம்தான். 1988-ஆம் ஆண்டு இஸ்கி வரைவையே யுனிகோடும் எடுத்துக்கொண்டது. அதனால் தமிழுக்குக் கிடைத்த 128 இடங்களில், ‘க’வுக்குப் பிறகு நாம் எழுதாத மூன்று ஒலிகளுக்கான காலி அறைகள், பிறகுதான் ‘ங’. ‘ந’வை ஒட்டி ‘ன’, ‘ர’வை ஒட்டி ‘ற’, ‘ழ’வுக்கு முன்னால் ‘ள’. இதன் விளைவைப் பார்க்க இரண்டு சொல் போதும். எந்தத் தமிழ் அகராதியிலும் ‘பழம்’ முன்னால் வரும், ‘பள்ளி’ பின்னால் வரும். குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் நிரலிலோ பள்ளி முந்திக்கொள்ளும். இன்னொன்று, ஆய்த எழுத்து. யுனிகோடில் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் விசர்க்கம். பெயர் தவறு என்பது யுனிகோடு சேர்த்தியத்துக்கே தெரியும். ஆனால் ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்ற விதியால் அது அப்படியே நிற்கிறது, இனியும் நிற்கும்.

‘கொரியருக்கு மட்டும் 11,172 அசைகளுக்கும் தனித்தனி இடம் கொடுத்தார்களே, தமிழின் 247 எழுத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லையா?’ என்ற கேள்வி இங்கே தவறாமல் எழும். கேள்வியின் வலி உண்மையானது. பதில் காலக்கணக்கில் இருக்கிறது. 1996-இல் யுனிகோடின் இரண்டாம் பதிப்பில் கொரிய எழுத்துகளை ஏற்கெனவே இருந்த இடத்திலிருந்து பெயர்த்து, முழுத் தொகுதியாக வேறிடத்தில் வைத்தார்கள். அந்தக் குழப்பத்தைக் கண்ட பிறகுதான், இனி எந்த எழுத்தையும் இடம் மாற்றவோ நீக்கவோ கூடாது என்ற நிலைப்புக் கொள்கை உறுதியானது. கதவு அடைபட்டது 1996-இல். கணித்தமிழர்களின் முதல் பன்னாட்டுக் கூட்டத்தை நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் கூட்டியது 1997 மே மாதத்தில். அதுவரை பன்னாட்டு மேசையில் தமிழின் பேரால் இருந்த தாள், இந்தியாவின் தேசியத் தரமான இஸ்கிதான். வெறுப்பால் தமிழ் தோற்றது என்று சொல்ல ஆதாரம் இல்லை. கதவு திறந்திருந்த ஐந்தாறு ஆண்டுகளில் வாசலில் தமிழுக்கு ஆள் இல்லை என்பதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது.

1999 மாநாட்டுக்குத் திரும்புவோம். அது தந்த மூன்றில் இரண்டு இறந்தன, ஒன்று வாழ்கிறது. டாம், டாப் என்ற இரு குறியீடுகளும் அன்றைய எட்டு பிட் கணினிக்கு அளவெடுத்துத் தைத்தவை. டாப்பில் முதல் பாதி ஆங்கிலம், மறுபாதியில் தமிழ். டாமில் தமிழ் மட்டும். 256 அறைக்குள் எழுத்தை அடக்க வேண்டும் என்ற கட்டாயமே அவற்றின் வடிவம். வெளிநாட்டுத் தமிழர்கள் உருவாக்கிய திஸ்கியும் அதே கட்டாயத்தில் பிறந்ததுதான். கணினி எட்டு பிட்டைத் தாண்டியதும் இவற்றின் தேவை தீர்ந்தது. 2000-இல் வந்த விண்டோஸிலேயே யுனிகோடு தமிழ் இருந்தது. தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசை போதும். ஒரே மெய் இரட்டித்தால் முன்னதற்குப் புள்ளி தானாக விழும். ‘தங்கம்’ என்றால் த, ங, க, ம, புள்ளி. ‘ங’வுக்குப் பின் ‘க’ வந்தால் இடையில் புள்ளி வேண்டும் என்பதை விசைப்பலகையே அறிந்திருக்கிறது, ஏனென்றால் இன எழுத்து என்ற இலக்கணம் அதற்குள் இருக்கிறது. உள்ளே எந்தக் குறியீடு ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. அதனால்தான் டாப் போய் யுனிகோடு வந்தபோதும், கணினி போய்க் கைப்பேசி வந்தபோதும், அது இருந்த இடத்தில் இருந்தது.

அப்படியானால் டாப், திஸ்கி எல்லாம் வீணா என்றால், இல்லை. ஒவ்வொரு நாளிதழின் இணையதளத்துக்கும் ஒரு எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் உள்ளிட்டது. திஸ்கி தெளிவாக ஆவணப்படுத்தப்பட்டிருந்ததால், அந்த நூல்களைப் பின்னர் யுனிகோடுக்கு மாற்ற முடிந்தது. ஆவணமில்லாத சொந்த எழுத்துருக்களில் எழுதப்பட்டவற்றை மீட்பது பெரும்பாடு. தற்காலிகத் தரமும் தரம்தான், தற்காலிகம் என்று தெரிந்து வெளியேறும் வழியையும் சேர்த்து எழுதி வைத்தால். இயந்திரத்துக்காக எழுத்தைக் குறைத்த 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் நிலைக்கவில்லையா என்றும் கேட்கலாம். நிலைத்தது. ‘ணை’, ‘லை’, ‘றா’ முதலான பதின்மூன்று வடிவங்களும் தமிழ் எழுத்தில் ஏற்கெனவே இருந்த பொதுவிதிக்குள் வந்தன. ‘கை’யைப் போல ‘ணை’. அச்சுக்கோப்பவருக்கு வசதி என்பது கூடுதல் பலன். மொழியின் உள்விதியைப் பிடித்துக்கொண்ட தரமே நிலைக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

பழைய தரத்திலிருந்து புதியதற்குப் போவதைத் தாம்பரத்துக்காரர்கள் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள். 1931-இல் கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஓடத் தொடங்கிய மின்சார ரயில், மீட்டர் பாதை ரயில். அகலப்பாதையைப் பக்கத்திலேயே போட்டு, இரண்டு அளவிலும் ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டி, 2004-இல்தான் மீட்டர் பாதைப் புறநகர் வண்டிகளை நிறுத்தினார்கள். பழைய பாதையைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போட்டிருந்தால் தென்சென்னை நின்றுபோயிருக்கும். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றபோது, யுனிகோடு ஓடாத இடங்களுக்கென்று டேஸ்16 என்ற பதினாறு பிட் முறையையும் உடன் அறிவித்தது. அதில் 247 எழுத்துக்கும் தனித்தனி எண். மெய்யையும் உயிரையும் கணக்குப் போட்டே பிரிக்கலாம். வடிவமைப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அது யுனிகோடின் தனிப்பயன் பகுதியில் நிற்கிறது. உலகின் தேடுபொறிகளும் கைப்பேசிகளும் அந்தப் பாதைக்கு வண்டி விடுவதில்லை. இரண்டாவது தண்டவாளம் போட்டால் மட்டும் போதாது, மறுமுனையில் நிலையமும் வேண்டும். அதன் நல்ல பண்புகளை நிரலகங்களின் உள்வேலைக்கு எடுத்துக்கொள்வதே பலன் தரும் என்று நினைக்கிறேன்.

நிலையான குழு இல்லாததன் விலை 2010-இன் இறுதியில் மீண்டும் தெரிந்தது. தமிழ்த் தொகுதியோடு 26 கிரந்த எழுத்துகளைச் சேர்க்கும் முன்மொழிவு ஒன்று. தனிக் கிரந்தத் தொகுதிக்குள் ‘எ’, ‘ஒ’, ‘ழ’, ‘ற’, ‘ன’ ஆகியவற்றைக் கொண்டுவரும் முன்மொழிவு இன்னொன்று. இரண்டும் யுனிகோடின் ஆவணப் பதிவேட்டில் மாதக்கணக்காக வெளிப்படையாகவே இருந்தன. தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியதும், முதல்வர் கருணாநிதி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியதும் கடைசிக் கட்டத்தில். கிரந்தம் 2014-இல் தனித் தொகுதியாகவே சேர்ந்தது. அந்தத் தலையீடு பயன் தந்தது. ஆனால் அபாய மணி அடித்த பிறகு ஓடுவதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. நிரல்மொழிக் குழுக்கள் இதை வேறுவிதமாகச் செய்கின்றன. சி++ குழு 2011 முதல் மூன்றாண்டுக்கு ஒரு பதிப்பு என்று தேதியை முதலில் குறித்துவிடுகிறது. தயாரான யோசனை ஏறும், ஆகாதது அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் குழுவில் ஒவ்வொரு யோசனையும் எந்தப் படியில் நிற்கிறது என்பதை யாரும் பார்க்கலாம். 2000-இல் சிங்கப்பூரில் பிறந்த உத்தமம் என்ற கணித்தமிழ் அமைப்பு பணிக்குழுக்களை அமைத்து இந்த வழியில்தான் தொடங்கியது. தமிழின் மா, காணி, முந்திரி முதலான பின்னங்களும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019-இல் யுனிகோடுக்குள் வந்ததும், பல ஆண்டு ஆவணப் பரிமாற்றத்தின் பொறுமையால்தான்.

‘பெரிய நிறுவனங்கள் எதைச் செய்கின்றனவோ அதுவே தரம், குழுவால் என்ன ஆகும்?’ என்பார்கள். நிறுவனங்களுக்கு வலிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவை தமிழ் இலக்கணத்தைத் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. யாராவது எழுதித் தருவதை நிறைவேற்றுகின்றன. 2023-இல் யுனிகோடு, ஓர் எழுத்து எங்கே முடிகிறது என்ற விதியில் கூட்டெழுத்துகளை ஒன்றாகக் கருதும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் உள்ளிட்ட ஆறு எழுத்துமுறைகளுக்கு அப்போது அது பொருந்தியது. தமிழ் அதில் இல்லை. இல்லாததே சரி, ஏனென்றால் நம் புள்ளி எழுத்துகளைப் பிரிக்கிறது, ஒட்டுவதில்லை. அந்தப் பட்டியலில் தமிழும் சேர்ந்திருந்தால் ‘பக்கம்’ என்ற சொல்லின் எழுத்துக் கணக்கே நம் இலக்கணத்துக்கு மாறாகிப் போயிருக்கும். இப்படிப்பட்ட ஒரு வரிக்காக ஆண்டு முழுக்க ஆவணங்களைப் படிக்கும் நாலு பேர் வேண்டும்.

அவர்களுக்கு வேலை காத்திருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் மொழியிடம் கேட்டால் ஐந்து என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஸ்விஃப்ட் மொழியிடம் கேட்டால் மூன்று என்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மூன்று என்றே சொல்லும். ஜாவாஸ்கிரிப்டிலும் வெறும் நீளம் ஐந்துதான்; எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி 2022-ஆம் ஆண்டுத் தரத்தில்தான் வந்தது. ‘ஸ்ரீ’யை முதலில் ‘ஸ’வை வைத்து எழுதும்படி இருந்தது, 2005-க்குப் பிறகு ‘ஶ’வை வைத்தும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, உள்ளே இரண்டு. ஒரு பெயரை ஒரு விதமாகப் பதிந்து, மறுவிதமாகத் தேடினால் கிடைக்காது. தமிழில் மாறிப்பெயர் வைக்கும் மாணவர் ஒருவருக்கு, ஒரே பெயராகத் தெரியும் இரண்டு மாறிகள் ஒரே நிரலுக்குள் இருக்க முடியும். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் விதியைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் ஆவணமாக்கி, யுனிகோடுக்கும் நிரல்மொழிக் குழுக்களுக்கும் அனுப்பி, பதில் வரும்வரை கூட்டத்துக்குக் கூட்டம் போய் உட்கார வேண்டும். கோட்டூர்புரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு அறை, ஒரு ஆண்டுத் திட்டம், பொதுவில் வைத்த ஒரு பதிவேடு இருந்தால் அதைத் தொடங்கலாம்.